‘பிங்க் செக்கப்’ பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

அக்டோபர் வந்தால் ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர் வாசலெல்லாம் இளஞ்சிவப்பு ரிப்பன் போட்ட பேனர்தான். ‘பிங்க் செக்கப்’, ‘மகளிர் நலப் பேக்கேஜ்’ என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான். ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வயிற்று ஸ்கேன், பாப் ஸ்மியர், கடைசியில் ‘மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். மேமோகிராம் (மார்பைத் தட்டால் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்), மார்பக அல்ட்ராசவுண்டு, வெப்பப் படம், ரத்த மார்க்கர் என்று எதை வேண்டுமானாலும் அந்த வரிக்குள் வைத்து விற்கலாம். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அப்படி மாற்றிக் கொடுத்தால், “பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவருக்கு உண்மையில் எதுவுமே பார்க்கப்பட்டிருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயது 40 தாண்டியவர் என்றால் மேமோகிராமுக்கும், பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கும் காசு கொடுங்கள். இந்த இரண்டும் இருந்தால் பேக்கேஜ் தகும். ரத்த மார்க்கரும் வெப்பப் படமும் சேர்ந்ததால் விலை ஏறியிருந்தால், அதை விட்டுவிட்டு மேமோகிராமைத் தனியாக எடுப்பதே மேல். நகரங்களில் அது பெரும்பாலும் 1,500 முதல் 3,500 ரூபாய்க்குள் முடியும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கென்று 5,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும். ரசீதை மட்டும் வாங்கி வையுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது, சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டைத் தாண்டியவர்கள் அமெரிக்காவில் 90 சதவீதம், இந்தியாவில் 66. கட்டி பெரிதாகி, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிய பிறகே இங்கே பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள் என்பது இந்த இடைவெளிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

முதலில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடலாம். பட்டியலில் ‘சிஏ 15-3’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கும். ‘கேன்சர் மார்க்கர்’ என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஏற்கெனவே நோய் பரவியவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பார்க்க உதவும் பரிசோதனை இது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் அளவு இயல்பாகவே இருக்கும். கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் ஏறும். ஆகவே ‘நார்மல்’ என்று வந்தால் அதற்கு அர்த்தமில்லை; ஏறியிருந்தால் வீண் பயமும் அடுக்கடுக்காய் ஸ்கேன் செலவும்தான்.

வெப்பப் படம், அதாவது தெர்மோகிராஃபி, முகாம்களில் அதிகம் கண்ணில் படும். கதிர்வீச்சு கிடையாது, அழுத்துவது கிடையாது, யாரும் தொடுவதும் கிடையாது என்பதால் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பிடிக்கும். அந்தக் கூச்சம் நியாயமானதே. ஆனால் கருவி அதன் வேலையைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. தோலின் வெப்ப வேறுபாட்டைத்தான் அது படமாக்குகிறது. சின்னக் கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப நிலை ஆகியவற்றைத் தவறவிட இடமுண்டு. மேமோகிராமுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இலும் 2019இலும் எச்சரித்தது. முகாமில் இலவசமாக எடுத்தார்கள் என்றால் எடுத்துக்கொண்டதில் கெடுதல் இல்லை. ‘பச்சை’ என்று வந்த முடிவை நம்பி மேமோகிராமைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல்.

‘சோனோ மேமோகிராம்’ என்ற பெயர் நிறையக் குழப்பம் செய்கிறது. பேக்கேஜில் அப்படிப் போட்டிருந்தால் சில சென்டர்களில் மேமோகிராமும் ஸ்கேனும் சேர்ந்தது. சில சென்டர்களில் வெறும் மார்பக அல்ட்ராசவுண்டு மட்டும். போனில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டு மட்டமான பரிசோதனை அல்ல. கட்டிக்குள் நீர் இருக்கிறதா, கெட்டியா என்று நொடியில் பிரித்துக் காட்டும். 30 வயதுக்குள் கட்டி தெரிந்தால் முதல் பரிசோதனையே அதுதான். ஆனால் உப்புத்தூள் சிதறினாற்போல் இருக்கும் நுண்ணிய சுண்ணப் புள்ளிகளை மேமோகிராம் காட்டுகிற அளவுக்கு அது காட்டாது. கையில் தட்டுப்படாத ஆரம்ப நிலைக்குப் பல நேரம் அந்தப் புள்ளிகள்தான் ஒரே தடயம். நோய்க்குறி எதுவும் இல்லாத 45 வயதுப் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்டு மட்டும் செய்து அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

மேமோகிராம் அன்றைக்கு

காசுக்குத் தகுந்த பலன் கிடைப்பது பாதி உங்கள் கையில், பாதி படம் எடுக்கும் ரேடியோகிராஃபர் கையில். மாதவிடாய் முடிந்து வரும் வாரத்தில் தேதி வாங்குங்கள். அப்போது மார்பில் கனமும் வலியும் குறைவு, அழுத்துவதைத் தாங்க முடியும். அன்று பவுடர், டியோடரண்ட், மார்பில் பூசும் களிம்பு எதுவும் வேண்டாம். டியோடரண்டில் இருக்கும் அலுமினியத் துகள் படத்தில் சுண்ணப் புள்ளி போலவே விழும். பிறகு மறுபடம், மறுபயம். உடையில் மேல் பாதியைத் தனியாகக் கழற்ற முடிய வேண்டும், அதனால் சேலை அல்லது சுடிதார் அணியுங்கள்; நைட்டி வேண்டாம். சங்கிலியைக் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள், முதுகுப் பக்கம் தள்ளிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், பால் கொடுப்பது, மார்பில் சிலிக்கான் வைத்திருப்பது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், மொத்தம் நான்கு. ஒன்று மேலிருந்து கீழாக, இன்னொன்று சாய்வாக அக்குள் வரை. தட்டை வைத்து அழுத்தும்போது சில நொடி வலிக்கும். அழுத்தாமல் எடுக்கவே முடியாது: திசு பரந்து விரிந்தால்தான் ஒன்றன் மேல் ஒன்று மறைக்காமல் தெரியும், அசைவு இருக்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். அழுத்தினால் கட்டி உடைந்து பரவிவிடும் என்பது வெறும் பயம். நான்கு படத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட்; இயற்கையாக நம்மைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சில் ஏழு வாரத்தில் கிடைப்பது.

படம் சரியாக எடுத்திருக்கிறார்களா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். சாய்வுப் படத்தில் மார்புத் தசை வெள்ளை முக்கோணமாக மேலிருந்து இறங்கி, ஏறக்குறைய காம்பின் மட்டம் வரை வர வேண்டும். காம்பு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். மார்புக்கு அடியில் உள்ள மடிப்பு படத்துக்குள் இருக்க வேண்டும். அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பகுதியில்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. அவசரமாக நிறுத்தி எடுத்த படத்தில் வெட்டுப்படுவதும் அந்த இடம்தான். பல லட்ச ரூபாய்க் கருவியாக இருந்தாலும் தோளைத் தளர்த்தி, மார்பை முன்னுக்கு இழுத்து வைக்கப் பொறுமை இல்லாதவர் எடுத்தால் படம் வீண். அதனால் பெண் ரேடியோகிராஃபர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கூச்சத்தில் உடம்பை இறுக்கினால் மார்புத் தசையும் இறுகி, படத்துக்குள் வராது.

‘3டி மேமோகிராம்’ என்று கூடுதலாக 1,000, 2,000 கேட்பார்கள். குழாய் வில்போல நகர்ந்து, குறைந்த கதிரில் பல படம் எடுத்து அடுக்கடுக்காய்க் காட்டும் முறை. திசு அடர்த்தி அதிகமாக இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். மற்றவர்கள் பக்கத்திலேயே நல்ல 2டி டிஜிட்டல் கருவி இருக்க, 3டிக்காக வெளியூர் போக வேண்டியதில்லை.

கையால் பார்ப்பதைக் கழித்துவிடாதீர்கள்

பேக்கேஜில் மிக மலிவான பகுதி இதுதான்; பல இடங்களில் பெயருக்கு நடப்பதும் இதுதான். ஆனால் நம் நாட்டில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது மேமோகிராம் அல்ல, இந்தக் கைப்பரிசோதனை. மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் ஒரு ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். 2021இல் வந்த முடிவு: 50 வயது தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தக் குறைவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் 1.15 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்விலும், கைப்பரிசோதனை செய்த குழுவில் கண்டுபிடித்த புற்றுநோயில் 44 சதவீதம் ஆரம்ப நிலையில் இருந்தது. செய்யாத குழுவில் 25 சதவீதம்.

சரியாகச் செய்தால் இது ஒரு நிமிடத்தில் முடியாது. முதலில் உட்கார வைத்து, கையைத் தூக்கியும் இடுப்பில் ஊன்றியும் பார்க்க வேண்டும். தோல் எங்காவது உள்ளே இழுத்தால் அப்போதுதான் தெரியும். பிறகு இரண்டு அக்குள், கழுத்தெலும்புக்கு மேலே. அதன் பிறகு படுக்கவைத்து, நடுவில் உள்ள மூன்று விரல்களின் உள்பகுதியால் மேலும் கீழுமாகக் கோடு கோடாக, லேசாக, நடுத்தரமாக, ஆழமாக என்று மூன்று அழுத்தத்தில். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது ஆகும். “வலி இருக்கா? இல்லையா, அப்ப ஒண்ணுமில்லை” என்று சட்டைக்கு மேலேயே முடித்தால் அது பரிசோதனை அல்ல. ஆரம்பத்தில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பது இங்கே நல்ல சேதியே அல்ல.

பேக்கேஜோடு ஒரு சுயபரிசோதனை அட்டையும் தருவார்கள். 1989இல் தொடங்கி ஷாங்காய் நெசவாலைகளில் 2.66 லட்சம் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். மாதாமாதம் முறையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த குழுவிலும் மற்றதிலும் மரணம் ஏறக்குறைய சமம். தேவையில்லாத பயாப்ஸிகள் (திசுத் துண்டு எடுத்துப் பார்ப்பது)தான் கூடின. அதனால் அட்டையைக் குளியலறையில் ஒட்டி வைத்துக்கொண்டு மேமோகிராம் வேண்டாம் என்று இருக்கக் கூடாது. அதேசமயம் தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் மாற்றத்தை முதலில் பிடிப்பார். புதிதாகத் தட்டுப்படும் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஒரே துளையிலிருந்து தானாக வரும் ரத்தக் கசிவு, காம்பில் ஆறாத சொறி, அக்குளில் நெறிக்கட்டி: இவற்றில் எது தெரிந்தாலும் பேக்கேஜ் வாங்காதீர்கள், நேராக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ‘பால் கட்டியிருக்கு’ என்று ஒத்தடம் கொடுத்தும் இரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கும் இதே வழிதான்.

ரிப்போர்ட்டும் ஊசியும்

ரிப்போர்ட்டின் கடைசியில் பைரேட்ஸ் எண், அதாவது புற்று என்ற சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் எண், இருக்க வேண்டும். எண் போடாமல் ‘இயல்பு’ என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடம் எடுக்க வேண்டும், அந்தத் தேதியை அன்றே குறித்துவிட வேண்டும். 4 என்றால் ஊசிப் பரிசோதனை தேவை. 4ஏ என்பதில் 10 சதவீதம் வரை, 4சி என்பதில் 50க்கு மேல். 5 என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாது. எல்லோரையும் ஏமாற்றுவது 0. பூஜ்யம் என்றதும் ஒன்றுமில்லை என்று நினைத்து பீரோவில் வைத்துவிடுவார்கள். அதன் பொருள் ‘இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, கூடுதல் படமோ ஸ்கேனோ பழைய படமோ வேண்டும்’ என்பதே. அதற்காகப் பதறவும் வேண்டாம். அமெரிக்கக் கணக்கில், படம் எடுத்த 100 பேரில் சுமார் 10 பேரை இப்படித் திரும்ப அழைக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் இருக்கிறது.

திசு அடர்த்தி ஏ முதல் டி வரை எழுதியிருக்கும். சி, டி என்றால் வெள்ளைத் திசுவுக்குள் வெள்ளைக் கட்டி ஒளிந்துகொள்ளும். கூடவே அல்ட்ராசவுண்டு கேளுங்கள். மேமோகிராம் பொதுவாகவே எட்டுப் புற்றில் ஒன்றைத் தவறவிடும். ஆகவே கையில் கட்டி தெரிகிறது, படம் சுத்தம் என்றால் கையைத்தான் நம்ப வேண்டும், ஊசிப் பரிசோதனை வரை போக வேண்டும்.

பேக்கேஜ்கள் எதுவும் பேசாத இடம் இது. படத்தில் சந்தேகம் வந்தால் அடுத்து என்ன? சில சின்ன நர்சிங் ஹோம்களில் “எடுத்துப் பார்த்துடலாம்” என்று முதலிலேயே கட்டியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். புற்று என்று பிறகு தெரிந்தால், எந்த ஓரத்தில் மிச்சம் என்று தெரியாமல் மறுபடி அறுவை. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி மார்பைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும். சரியான வரிசை: ஸ்கேனில் பார்த்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, 14 கேஜ் தடிமனுள்ள ஊசியால் சில துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸி, ‘ட்ரூகட்’ என்றும் சொல்வார்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்என்ஏசி மலிவு, ஆனால் அது செல்களை மட்டுமே தரும். புற்று பால் குழாய்க்குள் அடங்கியிருக்கிறதா, வெளியே ஊடுருவியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. ஊசி குத்தினால் பரவும் என்று பயந்து நாட்டு வைத்தியத்தில் கழிக்கும் மாதங்கள்தான் நோயை முற்றவிடுகின்றன.

எடுத்த துண்டு ஒரு மணி நேரத்துக்குள், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும். துண்டைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். சலைனில் போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் லேபுக்கு அனுப்பினால் ஈஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைகள் பொய்யாக வரலாம். எந்த மருந்து வேலை செய்யும் என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. பாட்டிலின் மேல், துண்டை எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதச் சொல்லிக் கேட்பதற்கு நோயாளியின் வீட்டாருக்கு எல்லா உரிமையும் உண்டு.

காசில்லாதவருக்கு

அரசு வழியை இரண்டாம் பட்சமாக நினைக்க வேண்டாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது இதற்கும் வழி கேட்கலாம். சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நோய் உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. சோதனை முதல் சிகிச்சை வரை ஒரே சங்கிலி என்பது தனியார் முகாமில் கிடைக்காத பலம். பலவீனம், கூட்டமும் மறைவிடம் இல்லாததும். கூட்டம் குறைந்த நேரம் எது என்று நர்ஸிடம் கேட்டுப் போவது நல்லது. தேசிய வழிகாட்டுதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. மும்பையில் பலன் கொடுத்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஐந்து ஆண்டு காத்திருக்காதீர்கள்.

அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது இளவயதில் மார்பகப் புற்றோ, எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்றோ இருந்தால் இந்தப் பேக்கேஜ்கள் எதுவும் உங்களுக்குப் போதாது. மரபணு ஆலோசனை, தேவைப்பட்டால் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ என்று வேறு திட்டம் வேண்டும். அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடத்தில் கேளுங்கள். மற்றவர்களுக்கு 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் என்பது 2024இல் அமெரிக்க நிபுணர் குழு சொன்ன கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 50 முதல் 69 என்கிறது. நம் பெண்களுக்கு மேலை நாட்டவரைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே இந்த நோய் வருவதால், 40இல் தொடங்குவதே சரி என்பது எங்கள் கருத்து. இருபதுகளில் இருப்பவருக்கு மேமோகிராம் சேர்த்து விற்கும் பேக்கேஜைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் போனில் நான்கு கேள்வி போதும். கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? டாக்டர் கையால் பார்ப்பாரா, எத்தனை நிமிடம்? படங்களை சிடியில் தருவீர்களா? பைரேட்ஸ் 4 என்று வந்தால் கோர் பயாப்ஸி அங்கேயே நடக்குமா, அல்லது யாரிடம் அனுப்புவீர்கள்? சிடி அவசியம், ஏனென்றால் அடுத்த முறை பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சின்ன மாற்றம் புலப்படும். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால் வேறு சென்டரைப் பாருங்கள். தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் சரி.